அரிப்பில் எங்களுக்கு ஒருத்தருமில்லை

இலங்கையில் கற்பிட்டிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது எனக்கு முதலில் எழுந்த சந்தேகம், அழைத்தவரும் பல்லைப் பிடுங்குகிற டாக்டரா என்பதுதான். அந்தக் காலத்தில் மூட்டு வீங்கி வந்தவர்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று ஒரு கொள்கை. சென்னையில் படித்தபோது ஒரு வயதான அம்மாளைப் பார்த்தேன். வாயில் பேருக்குக்கூட ஒரு பல்லில்லை. முழங்கால் மட்டும் பழையபடி வீங்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கொள்கைமேல் எனக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

நல்லவேளை, கூப்பிட்டவர் அந்த ரகமில்லை. அவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். கற்பிட்டியில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கடற்கரை ஜனங்களின் முடக்குவாதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஐரோப்பாவில் அப்போது புதிதாகப் பேசப்பட்ட பொன்னுப்பு ஊசியைச் சிலருக்கு வாரம் இரண்டு தடவை போட்டு, பலன் எப்படி என்று பார்த்துவந்தார். அந்த வியாதியோ பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கற்பிட்டிப் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆண் டாக்டரிடம் கையைத் தவிர வேறொன்றையும் காட்ட மாட்டார்கள். ஆகவே தமிழ் பேசுகிற பெண் டாக்டர் ஒருத்தி சில நாள் வந்து உதவ வேண்டும் என்று, தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினார். தமிழ் பேசுகிற பெண் டாக்டர் அங்கே நான் ஒருத்திதான். அக்கரையிலும் தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று கிளம்பிவிட்டேன்.

புத்தளம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு ஏமாற்றம். எங்கே பார்த்தாலும் உப்பு. அதே பாத்தி, அதே வெள்ளைக் குவியல், அதே கண் கூசும் வெயில். தூத்துக்குடியில் வீட்டு மாடியில் ஏறினால் தெரிகிற காட்சியைப் பார்க்கவா கடல் தாண்டி, வாந்தியெடுத்து வந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. ஒரே வித்தியாசம் கழுதைகள். எங்கள் ஊர்க் கழுதையின் முதுகில் ஒரு மூட்டையாவது இருக்கும். இங்கே அவை ஒரு வேலையுமில்லாமல், பென்ஷன் வாங்கினவர்களைப்போல வீதி நடுவில் நின்று யோசிக்கின்றன. பஸ்காரன் இறங்கிக் கெஞ்சினால்தான் நகர்கின்றன.

என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் சந்தியோகு. அந்த வெள்ளைக்காரத் துரையின் படகுக்காரர், சமையல்காரர், சில்லறை வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். உச்சமுனைக் கத்தோலிக்கர். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "நோனாவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். வெள்ளைக்காரச் சீமாட்டிகளைத்தான் நோனா என்பார்கள் என்று நினைத்திருந்தேன். படித்தவளாக இருந்தால் கறுப்பியும் நோனாதானாம். "வருத்தமென்ன, சந்தோஷமாகத்தான் வந்தேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ்ஸில், துரையிடம் வருகிற வருத்தக்காரரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. இவர்களுக்கு வருத்தம் என்றால் வியாதி. இனிக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

நுரைச்சோலையை அடைந்ததும் பஸ் மணலில் புதைந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆண்கள் இறங்கித் தென்னோலைகளைச் சக்கரத்தின் கீழே பரப்பினார்கள். பெண்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த இடத்தில் பஸ் புதையும், அங்கே சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முக்காடிட்ட ஓர் அம்மாள் நான் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு தொதலை இலையோடு என் மடியில் வைத்தாள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அல்வா மாதிரி ஒன்று. கறுப்பாக, பார்வைக்குச் சுமாராக இருந்தது. வாயில் போட்டதும் வாந்தியும் உப்பும் வெயிலும் மறந்துபோயின. புகையிலைத் தோட்டங்களிலிருந்து வந்த காற்று மூக்கை நெருடியது. வந்ததற்குப் பழுதில்லை என்று அப்போது தோன்றியது.

துரை நல்ல மனிதர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கிறபோது அவர்மேல் யாருக்கும் கோபம் வரக்கூடாது. நெட்டையான, கூச்சமுள்ள ஆள். சென்னையில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். "தாங்கள் களைப்புற்றிருப்பீர்கள்" என்று அவர் என்னை வரவேற்றபோது, சிரிப்பை அடக்க நான் சந்தியோகு கொண்டுவந்த தேநீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாடு பாண் என்கிற ரொட்டியும், தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதியும், கணவாய்க் கறியும். கணவாயை எங்கள் வீட்டில் ரப்பராக்கித்தான் பழக்கம். சந்தியோகு சமைத்தது நாக்கிலேயே கரைந்தது. ஆனால் படுக்கப் போனதும் கொசு என்னைத் தின்ன ஆரம்பித்தது. இங்கே அதற்கு நுளம்பு என்று பெயர். பெயரை மாற்றிக்கொண்டாலும் குணம் ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆராய்ச்சி. வாசலில் ஒரு கட்டம்போட்ட சாரத்தைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப்பக்கம் பெண்கள், இந்தப்பக்கம் துரை. திரைக்குக் கீழிருந்து ஒவ்வொரு கையாக வரும். துரைக்கு முகங்கள் தெரியாது. கைகளைப் பார்த்தே ஆளைச் சொல்வார். என் வேலை, உள்ளே போய் விரல் கணுக்களை நூலால் சுற்றி அளப்பது, முழங்காலையும் கணுக்காலையும் பார்த்து வந்து சொல்வது. பிடியின் பலத்தை அறிய அவர் ஒரு யுக்தி வைத்திருந்தார். இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்து இறுக்கச் சொல்வார். எவ்வளவு இறுக்குகிறார்களோ அவ்வளவுக்குப் பாதரசம் ஏறும். பெண்கள் திரையின் ஓரத்து இடுக்கால் அதை எட்டிப்பார்த்துப் போட்டி போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஏற்றினால் மற்றவர்கள் கேலி செய்தார்கள். தங்க ஊசி போட்ட பெண்ணைத் தட்டாரிடம் கூட்டிப்போனால் உருக்கிக் கொடுப்பாரா என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் இவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை.

அன்று பாதரசத்தை மிக உயரம் ஏற்றியவள் ஜெய்னம்பு. நாற்பது வயதிருக்கும். கணவன் கடலோடு போய்விட்டான், ஒரே மகள். எல்லோரும் அவளை ராத்தா என்றார்கள். ராத்தா என்றால் அக்கா. விரல்கள் கோணி, கைகள் மடங்கி, தலைவாரவும் மகள்தான் வேண்டும் என்று கிடந்தவளாம். இப்போது அந்த விரல்கள் முழுக்க நேராகவில்லையென்றாலும் விரிந்தன, மடங்கின. நான் அளக்கும்போது அவளே பேசினாள். இந்த ஊரில் விருந்தென்றால் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். கை மடங்கியவள் அதில் கை வைத்தால் சோறு சிந்தும், மற்றவர்கள் பக்கம் தெறிக்கும். வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் விருந்துகளுக்குப் போவதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. சொந்தத் தங்கையின் கலியாணத்தில்கூட அடுக்களையில் உட்கார்ந்து, மகள் ஊட்டிவிடச் சாப்பிட்டிருக்கிறாள்.

இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் கலியாணம். "மகள்ட கலியாணத்துல சஹன்ல கை வெக்கணும் நோனா" என்றாள். "சம்மந்தி வீட்டாக்களோட ஒண்டா இரிந்து திங்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பொன்னுப்பு சாமான்ய மருந்தில்லை. சிலருக்கு உடம்பு ஏற்றுக்கொள்ளாது. முதலில் தோல் அரிக்கும், பிறகு தடிக்கும். அப்போதே ஊசியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் போட்டுக்கொண்டே போனால் உடம்பு முழுவதும் தோல் உரிந்து, காய்ச்சல் கண்டு, சிறுநீரகமும் கெட்டு ஆளே போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளைத் துரை ஒருநாளும் விட்டதில்லை. அன்றும் திரைக்கு வெளியிலிருந்து தெளிவாகக் கேட்டார்.

"அரிப்பு உண்டா?"

"அரிப்புல எங்களுக்கு ஒருத்தரும் இல்ல தொர" என்றாள் ஜெய்னம்பு. இந்தப் பக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். துரை, இல்லை என்று எழுதிக்கொண்டார்.

"வேறு தொந்தரவு உண்டா?"

"மேலெல்லாம் கடிக்குது தொர. படுக்கேலாம இரிக்கி."

துரை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில், பாவம், ஓலைக்கூரை வீடுகளில் மேலே முழுவதும் கொசு அடைந்துகிடக்கிறது, தூங்க முடியவில்லை என்கிறாள் என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. விடிய விடியக் கடி வாங்கியவளுக்கு வேறெப்படிக் கேட்கும்? துரை அதோடு விடவில்லை. தன் கட்டிலிலிருந்த கொசுவலையைக் கழற்றி அவள் வீட்டில் கட்டிவிட்டு வரும்படி சந்தியோகுவை அனுப்பினார். அதன் பிறகு அவள் திரைக்குக் கீழே கையை நீட்ட, அந்த இளமஞ்சள் மருந்தை ஏற்றினார். அவள் கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் உச்சமுனைக்குப் புறப்பட்டோம். தீவுபோலக் கிடக்கிற அந்த முனையில் ஊசி போட்டுக்கொண்ட மீனவர் ஒருவர் இருந்தார்; அவரைப் பார்த்து வர வேண்டும். துரைக்குத் தலைவலி, அதனால் சந்தியோகுவும் நானும் மட்டும் வள்ளத்தில் போனோம். களப்பு என்பது கடலுமில்லை, குளமுமில்லை. பார்த்தால் பரந்த நீர். இறங்கினால் முழங்கால் ஆழம். பாதி வழியில் காற்று விழுந்தது. பாய் தொங்கியது. வள்ளம் பாசியில் குந்திக்கொண்டது. சந்தியோகு இறங்கித் தள்ளினார், அசையவில்லை. கௌரவத்தைப் பார்க்காமல் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வள்ளம் நகர்ந்த வேளையில் என் கெண்டைக்காலில் வழவழவென்று ஏதோ உரசிப்போயிற்று. ஏறி உட்கார்ந்ததும் கால் தீப்பற்றினமாதிரி ஆகிவிட்டது. இரண்டு கைகளாலும் சொறிந்தேன்.

"கடிக்குதா நோனா?" என்றார் சந்தியோகு.

"கடிக்கவில்லை. ஏதோ உரசிவிட்டது. அரிப்பு, தாங்க முடியவில்லை" என்றேன்.

அவர் கையைப் புருவத்தில் வைத்து வடக்கே பார்த்தார். அரிப்பு இங்கிருந்து தெரியாது என்றார். அது மன்னார்ப் பக்கத்தில் இருக்கிற ஊர். முத்துக் குளிப்புக் காலத்தில் அவருடைய தகப்பனார் அங்கே போயிருக்கிறாராம். நான் சொறிந்துகொண்டே, ஊரைச் சொல்லவில்லை ஐயா, இதைத்தான் சொல்கிறேன் என்று காலைக் காட்டினேன். அவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"இதுக்கு நாங்கள் கடியெண்டு சொல்றது நோனா. மேல் கடிக்குது எண்டா, சொறியோணும்போல கிடக்கு எண்டுதான் அர்த்தம்."

மேல் என்றால் என்ன என்று கேட்டேன். மேல் என்றால் மேல்தான், இந்த உடம்பு என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதிச் சிரிப்பில் ஜெய்னம்புவின் குரல் காதில் விழுந்தது. மேலெல்லாம் கடிக்குது தொர. எனக்குச் சிரிப்பு நின்றது.

வள்ளத்தைத் திருப்புங்கள் என்றேன். திருப்பலாம், ஆனால் காற்று வேண்டுமே என்றார். உச்சமுனை கிட்டத்தில் தெரிந்தது. கற்பிட்டி எங்கோ இருந்தது. வேறு வழியில்லாமல் அங்கே போய்க் கரையேறினோம். அந்த மீனவரிடம் முதல் வேலையாக, கடிக்கிறதா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். சட்டையைக் கழற்றச் சொல்லியும் பார்த்தேன், சுத்தமான தோல். அவர் மனைவி சுட்ட மீனும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலும் வைத்தாள். எங்கள் ஊரில் நான் ஆசைப்பட்டுக் கேட்டுச் சாப்பிடுகிற பொருள்கள்தான். என்ன தின்றேன் என்றே தெரியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, காற்று எழும்பாதா என்று ஓலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீவைப்போல அழகான இடத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அன்று அது எனக்குச் சிறையாக இருந்தது.

பிற்பகல் காற்று வந்து கற்பிட்டியை அடைந்ததும், நேரே ஜெய்னம்பு வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் துரையின் கொசுவலை ஒழுங்காகக் கட்டியிருந்தது. ஊசி போட்டவர்கள் காற்றுப் படாமல் வலைக்குள் படுக்க வேண்டும் போலும் என்று நினைத்து, அவள் பகலிலும் அதற்குள்தான் படுத்திருந்தாளாம். நான் கதவைச் சாத்திவிட்டு, மேலைக் காட்டுங்கள் ராத்தா என்றேன். அந்தச் சொல்லை அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னேன்.

முதுகிலும் இடுப்பிலும் தொடைகளிலும் தோல் செந்தடிப்பாக எழும்பி, சில இடங்களில் தவிடுபோல உதிர்ந்தது. நகம் பட்ட கோடுகள். இந்த வெயில் தேசத்தில் அவள் நீளக் கைச்சட்டையும் முக்காடுமாக இருந்ததன் காரணம் மார்க்கம் மட்டுமில்லை என்று தெரிந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். போன பிறைக்கு முன்னாலிருந்தே என்றாள். ஒவ்வொரு தடவையும் தொரைக்குச் சொன்னேனே, அவர்தான் ஓம் ஓம் என்று தலையாட்டினாரே என்றாள். இங்கே நடந்த குழப்பத்தை நான் விளக்கினேன். கடி, அரிப்பு, மேல், கூரை, கொசுவலை எல்லாவற்றையும். அவள் வலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, ஊசியை நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னேன்.

அவள் முகம் மாறியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கலியாணம் மட்டும் பொறுங்கள் என்றாள். கடி தாங்கிக்கொள்ளக்கூடியதுதான், விரல் மடங்கிக் கிடந்ததைவிட இது பெரிய வருத்தமா என்று கேட்டாள். செத்துப்போவீர்கள் ராத்தா என்று பச்சையாகச் சொன்னேன். மௌத்தாகிறது அல்லாஹ்வின் கையில் என்றாள். ஊசியை நிறுத்தினால் இந்தக் கை எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும் என்று கேட்டாள். அது உலகத்தில் யாருக்கும் அப்போது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஆராய்ச்சியே நடந்தது. சில மாதம் நிற்கலாம், சில வாரத்தில் போய்விடலாம், தெரியாது என்றேன். நாளைக்குத் துரை வீட்டுக்கு வந்து நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாயால் அவளே சொல்லட்டும், அதுதான் மரியாதை என்று பட்டது.

துரையிடம், நம் கேள்விகளை மாற்ற வேண்டும் என்று மட்டும் அன்று சொன்னேன். அரிப்பு ஒரு ஊரின் பெயர், சொறி எடுப்பதை இங்கே மேல் கடிக்குது என்றுதான் சொல்வார்கள் என்றதும் அவர் வெளிறிப்போனார். எழுதிவைத்திருந்ததையெல்லாம் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார். நாளைக்கே எல்லோரையும் வரவழைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊசி என்று சந்தியோகுவை வீடுவீடாக அனுப்பினார். சாப்பிடவில்லை. முன்ஷியிடம் தப்பில்லாமல் தேர்வு எழுதியவருக்கு அது பெரிய அடிதான்.

காலையில் திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்று சிரிப்பு குறைவு. ஜெய்னம்புவின் கை திரைக்குக் கீழே வந்ததும், துரை புதிதாகக் கற்ற சொல்லை மிகக் கவனமாக உச்சரித்தார்.

"மேல் கடிக்குதா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல தொர. தொர தந்த நுளம்பு வலைக்குப் பொறகு கடியே இல்ல" என்றாள்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. ஆக, அவள் விஷயத்தில் தான் புரிந்துகொண்டது சரிதான், அது கொசுதான். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஊசிக்குழாயை எடுத்தார். நான் முந்தின நாள் சிரிக்கச் சிரிக்க விளக்கியதை அவள் ஒரே இரவில் ஆயுதமாக்கிக்கொண்டாள். அந்தப் புத்திசாலித்தனத்தைக் கண்டு எனக்கு ஒரு கணம் பிரமிப்பாகக்கூட இருந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. இன்னும் இரண்டொரு ஊசிதானே. ஆனால் அந்த முதுகை நான் பார்த்திருந்தேன். துரையிடம் இங்கிலீஷில், போடாதீர்கள், உடம்பு முழுவதும் தடிப்பு, நேற்று என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. துரை ஊசிக்குழாயைக் கீழே வைத்த சத்தம் போதுமானதாக இருந்தது. நீட்டிய கை திரைக்குக் கீழே கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெதுவாக உள்ளே போயிற்று.

"நோனா பொம்புளையெண்டுதானே மேலத் தொறந்து காட்டினன்" என்றாள். சத்தம் போடவில்லை.

மற்ற பெண்களில் ஒருத்திக்குக் கூட அன்று கடி இல்லை. எல்லோரையும் உள்ளே வைத்து ஒவ்வொருவராக நான் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு பெண்ணுக்கு இடுப்பில் தடிப்பு தொடங்கியிருந்தது. அவளுக்கும் ஊசி நின்றது. துரை திரைக்கு வெளியே நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். சுத்தத் தமிழில் கேட்டார்.

நான் செய்தது சரி. எந்த டாக்டரைக் கேட்டாலும் சரி என்பார்கள். ஊசியை நிறுத்திக் களிம்பு தடவ ஆரம்பித்த பின் அவள் தோலில் புதிய தடிப்பு எழும்பவில்லை. உயிர் தப்பினாள் என்றே சொல்ல வேண்டும். இருந்தாலும் தினமும் களிம்போடு அவள் வீட்டுக்குப் போகும்போது, திருடப் போகிறவளைப்போலத்தான் போனேன். அவள் முதுகைத் திருப்பிக் காட்டுவாள், நான் தடவுவேன். மகள்தான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனேன். வாசலிலேயே நெய்ச்சோற்று வாசனை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகலாம், உம்மாவின் உத்தரவு என்று மகள் சொன்னாள். உள்ளே பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தது. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் ஒரு கோப்பையில், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். கலியாணச் சாப்பாடேதான். சுற்றிலும் வேறு பெண்களில்லை. ஜெய்னம்பு, மகள், நான், மூன்றே பேர். கலியாணத்துக்குள் விரல்கள் என்ன ஆகுமோ தெரியாது, அதனால் இன்றைக்கே ஒரு சஹன் வைத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். சம்மந்தி வீட்டார் இருக்க வேண்டிய இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தாள். சோற்றை அள்ளிப் பிசைந்து உருட்டி வாயில் போட்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. மகள் தன் பங்கைத் தொடாமல் உம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியின் பக்கம் நல்ல துண்டுகளைத் தள்ளுவது இங்கே வழக்கம். ஜெய்னம்பு அந்தக் கோணல் விரல்களாலேயே எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் வைத்தாள். நான் போதும் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை தோளைச் சுவரோடு தேய்த்துக்கொண்டாள்.

"இன்னும் கடிக்குதா ராத்தா?" என்றேன்.

"அத இனி நீங்க கேக்க வேணாம் நோனா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு துண்டைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள். "தொரைக்கு நான் கதைக்கிறது வெளங்கல்ல. அதுதான் எனக்கு நல்லமா இரிந்திச்சு. திண்ணுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு, அவள் வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.